விரல் மூட்டு வலிக்கிறவர்கள் மடக்குக் கத்தி வாங்கும்போது

கொய்யா நறுக்க, வாழை நார் அறுக்க, இணையக் கடை ஷாப்பியில் வந்த பெட்டியின் டேப்பைக் கிழிக்க, பூந்தொட்டியில் காய்ந்த காம்பைக் கிள்ள ஒரு சின்ன மடக்குக் கத்தி போதும். பேனாக்கத்தி என்று சொன்னால்தான் பினாங்கில் பெரியவர்களுக்குப் புரியும். விரல் மூட்டு வீங்கத் தொடங்கியதும் இந்தக் கத்திதான் முதலில் மேசை இழுப்பறைக்குள் போகும். வெட்டக் கை ஒத்துழைக்கும், திறக்கத்தான் மறுக்கும். சிலர் அலகைப் பல்லால் கடித்து இழுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

லேசாகத் திறக்கும் கத்தி எது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் கத்தி சொல்வார்கள். எல்லாமே அவரவர் கைக்குச் சரிதான். ஒருவருக்குக் கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கும், இன்னொருவருக்கு விரல் நுனி மூட்டு, வேறொருவருக்கு மணிக்கட்டு. அதனால் கத்தியை விட்டுவிட்டுக் கையிலிருந்து தொடங்குவோம்.

வீட்டிலேயே மூன்று சோதனை

ஒரு சாவி, ஒரு பத்து சென் காசு, ஊறுகாய் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் செய்யுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில்தான் விறைப்பு அதிகம். சாயங்காலம் கை இளகியிருக்கும்போது சோதித்தால் முடிவு பொய் சொல்லும்.

சாவியைப் பூட்டில் விட்டுத் திருப்புங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய மேட்டில் சுள்ளென்றால் தேய்மானம் பெரும்பாலும் அந்த அடிமூட்டில் இருக்கும். கட்டைவிரல் நுனியில் கொடுக்கும் அழுத்தம் அடிமூட்டில் பல மடங்காக இறங்கும் என்பதால், கிள்ளிப் பிடிக்கிற, முறுக்குகிற வேலை எதுவும் இவர்களுக்கு ஆகாது.

மேசையில் கிடக்கும் காசை விரல் நுனியால் எடுங்கள். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவில் வலித்தால், அல்லது அங்கே எலும்பு முடிச்சு தட்டுப்பட்டால், நகத்தைக் கொக்கி போல மாட்டி இழுக்கும் கத்திகளை மறந்துவிடலாம்.

பாட்டில் மூடியைத் திருகுங்கள். உள்ளங்கை முழுவதும், விரல் முட்டி, மணிக்கட்டு என்று வலி பரவினால் உங்களுக்கு முதல் கவலை கத்தியின் பிடி. திறப்பது அடுத்தது.

நான்காவதாக ஒன்று. விரல் மரத்துப்போய் எதைத் தொடுகிறோம் என்றே தெரியாத நிலை இருந்தால் மடக்குக் கத்தியே வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்ட சின்னச் சமையல் கத்தி பாதுகாப்பானது. பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருப்பார்கள். அடுத்த சந்திப்பில் கேட்டால் உங்கள் கைக்கு எந்தப் பிடிப்பு ஆகும், எது ஆகாது என்று காட்டுவார்கள்.

முரண்டு பிடிப்பது ஸ்பிரிங்

பழைய பாணி மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகு நெடுக ஒரு பட்டை ஸ்பிரிங் ஓடும். அலகின் அடிக்கட்டை அந்த ஸ்பிரிங்கை மேலே தூக்கித் தள்ளினால்தான் அலகு சுழலும். திறந்து முடித்ததும் ஸ்பிரிங் படக்கென்று இறங்கி அலகை நிறுத்தும். மூடும்போதும் இதே கதைதான். ஆக, அலகைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓர் எஃகுப் பட்டையை வளைக்கிறீர்கள்.

இந்த இழுப்பை 1 முதல் 10 வரை மதிப்பிட்டுச் சொல்வது கத்தி சேகரிப்பவர்களின் வழக்கம். 5 நடுத்தரம். 8, 9 என்றால் நல்ல கைக்கே நகம் பெயரும். மூட்டு வலிக்காரர்களுக்கு 3 அல்லது 4 சரியாக வரும். அதற்கும் கீழே போனால் திறக்கச் சுகமாக இருக்கும், ஆனால் வெட்டும்போது அலகு தானாக விரல் மேல் மடியக்கூடும். இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள். கையால் பொருத்துகிற கத்திகளில் ஒரே மாடலிலேயே ஒன்று 4 ஆகவும் அடுத்தது 7 ஆகவும் வரும். 'இந்த மாடல் லேசு' என்ற பேச்சை நம்ப முடியாது. கையில் இருக்கும் அந்த ஒன்றைத்தான் கேட்க வேண்டும்.

அலகை எங்கே பிடித்து இழுக்கிறோம் என்பதும் கணக்கு. பாட்டியின் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள் (பினாங்குக்குப் பெயரே பாக்கிலிருந்து வந்ததுதானே). கைப்பிடி நீளமாக இருப்பதால்தான் அவ்வளவு கெட்டிப் பாக்கும் இரண்டாகிறது. கத்தியிலும் அதுவே. அச்சாணியிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் நகக்குழி (நகம் மாட்டி இழுக்க அலகில் இருக்கும் சின்னப் பள்ளம்) இருக்கும் கத்தியைவிட, 4 செ.மீ. தூரத்தில் இருக்கும் கத்திக்குப் பாதி விசை போதும், ஸ்பிரிங் ஒன்றாகவே இருந்தாலும். படத்தில் பார்க்கும்போது நகக்குழி ஆணிக்குப் பக்கத்தில் இருக்கிறதா, அலகின் நடுவைத் தாண்டி இருக்கிறதா என்று கவனியுங்கள். சாவிக் கொத்தில் தொங்கும் குட்டிக் கத்திகள் மூட்டு வலிக்காரர்களைப் படுத்துவதற்கு இது ஒரு காரணம். நீளமும் இல்லை, பிடிக்க இடமும் இல்லை.

ஸ்பிரிங் கத்தியே வேண்டும் என்றால்

ஓர் அலகு மட்டும் உள்ளதை எடுங்கள். இரண்டு மூன்று அலகு இருந்தால் நெருக்கியடித்து நிற்கும், விரல் நுழையாது.

திறக்க வசதியாகப் பிடியின் பக்கவாட்டில் அரைவட்டமாக வெட்டுவிட்ட கத்திகள் உண்டு. மூடியிருக்கும்போது அந்த வெட்டு வழியாக அலகின் இரு பக்கமும் தெரியும். நகமே தேவையில்லை, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டையும் வைத்து அலகைத் தட்டையாகப் பிடித்துத் தூக்கலாம். நுனி மூட்டு வலிக்கும் கைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஸ்பிரிங் கத்திகளில் இல்லை.

இந்த வெட்டு இல்லாத கத்தியிலும் அலகு பிடிக்கு மேலே தாராளமாக எழும்பி நின்றால் அதே வேலை நடக்கும். அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் செய்யும் சாட்பஸ்டர் இதற்கு நல்ல உதாரணம். விவசாயிகளுக்காக வந்த வடிவம். அகலமான ஒற்றை அலகு, வழவழப்பான உருண்ட பிடி. மூடிய நீளம் பெரியதில் சுமார் 117 மி.மீ., ஜூனியரில் 92 மி.மீ. பாட்டில் சோதனையில் தோற்றவர்கள் பெரியதையே எடுக்கலாம்.

சில கத்திகளில் அலகு பாதி திறந்ததும் செங்குத்தாக 90 டிகிரியில் ஒரு முறை நிற்கும். நல்லதா கெட்டதா என்று இதைப் பற்றி ஓயாத சண்டை உண்டு. ஸ்பிரிங் லேசாக இருந்தால் நல்லது என்பது எங்கள் கட்சி. நடுவில் நின்று கையை மாற்றிப் பிடிக்கலாம், மூடும்போதும் அலகு விரலுக்கு முன்னால் ஒரு முறை நின்று எச்சரிக்கும். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் ஒரே மலையை இரண்டு முறை ஏறுவது மாதிரி.

அலகின் நுனி வடிவத்தையும் பாருங்கள். முதுகு நுனியில் வளைந்து இறங்கி, கூர் பக்கம் நேராக இருக்கும் ஆட்டுக்குளம்பு வடிவ அலகு இருக்கிறது. குத்தும் முனை கிடையாது. கை நடுங்குபவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதையே எடுக்கட்டும்.

ஸ்பிரிங்கே இல்லாத கத்திகள்

உரசலால் மட்டும் நிற்கும் கத்திகளில் வளைக்க வேண்டிய எஃகு எதுவும் இல்லை. வலிக்கும் கைக்கு முதலில் காட்ட வேண்டியது இவற்றைத்தான்.

பிரான்சின் சவாய் மலைப் பகுதியில் 1890இல் தொடங்கிய ஓப்பினல் கத்தி எல்லோருக்கும் தெரிந்தது. 8ஆம் எண் அளவுக் கத்தியின் அலகு 8.5 செ.மீ. எடை மிகக் குறைவு. உருண்டு திரண்ட மரப்பிடி வீங்கிய கைக்கு இதமாக இருக்கும். 1955இல் இதற்கு ஒரு சுழலும் உலோக வளையப் பூட்டு வந்தது. அந்த வளையத்தைத் திருப்புவது சாவி திருப்புவது போன்ற அசைவு. சாவிச் சோதனையில் வலித்தவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். வளையத்தை எண்ணெய் விட்டு இளக்கி, கட்டைவிரல் நுனிக்குப் பதில் ஒரு ரப்பர் துண்டை வைத்து உள்ளங்கையால் உருட்டித் திருப்பிப் பாருங்கள். அப்படியும் வலித்தால் இந்தக் கத்தி உங்களுக்கு இல்லை.

இன்னொரு சங்கடம் நம் ஊர்க் காற்று. ஓப்பினலின் பிடி பெரும்பாலும் பீச் மரம், ஈரம் குடித்தால் உப்பும். உப்பினால் பிடியின் பிளவு அலகை இரண்டு பக்கமும் நெருக்கிக்கொள்ளும், ஸ்பிரிங் இல்லாத கத்தி ஸ்பிரிங் கத்தியைவிடக் கெட்டியாகிவிடும். பினாங்கின் மழைக்காலத்தில் புதுக் கத்தி ஒரே வாரத்தில் இப்படி ஆவதுண்டு. இதற்குச் சவாய்க்காரர்களின் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தன் கனத்தாலேயே கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு தட்டையாகப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். விரலுக்கு வேலை பாதி குறையும். நிரந்தர வழி வேறு: கத்தியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து நன்றாக உலர்த்துங்கள். பிறகு அலகைத் திறந்துவைத்து, மெல்லிய அட்டையில் சுற்றிய மணல்தாளால் பிளவின் உள்சுவரை இரண்டு பக்கமும் லேசாகத் தேயுங்கள். கடைசியில் உணவுக்கு ஏற்ற மினரல் ஆயிலைப் பிளவுக்குள் ஊறவிடுங்கள். சிங்க்கில் ஊறப்போடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர்களிடமிருந்து இந்தக் கத்தியை ஒளித்துவையுங்கள்.

ஜப்பானின் ஹிகோனோகாமி கத்திக்கு அலகின் அடிக்கட்டையில் ஒரு வால் நீண்டிருக்கும். அந்த வாலை அழுத்தினால் அலகு எழும்பும். அழுத்தக் கட்டைவிரல்கூட வேண்டியதில்லை, வாலை மேசை விளிம்பில் ஊன்றி அழுத்தலாம். திறந்த பிறகு வால் பிடியின் முதுகோடு படியும், பிடித்திருக்கும் உள்ளங்கையே பூட்டாகிவிடும். குறை என்னவென்றால் பிடி மடித்த தகடு, மெல்லியது, வியர்த்தால் வழுக்கும். டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாகும். வால் படியும் இடத்தை விட்டுச் சுற்றுங்கள். அலகு துருப்பிடிக்கும் எஃகு என்பதால் கொய்யா நறுக்கியதும் துடைத்தாக வேண்டும்.

நியூசிலாந்தின் ஸ்வோர்ட் பெசன்ட் கத்தியும் இதே குடும்பம். வால் இன்னும் நீளம், பிடியும் கனம். சாவியும் காசும் இரண்டுமே வலிக்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான். வால் உள்ள எந்தக் கத்தியிலும் ஒரு கட்டுப்பாடு: குத்தவோ நெம்பவோ கூடாது. முதுகுப் பக்கம் விசை பட்டால் மடியும்.

மூடுவதை மறந்துவிடுகிறார்கள்

வாங்குபவர்கள் பத்து முறை திறந்து பார்ப்பார்கள், மூடும்போது கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். காயம் படுவது மூடும்போதுதான். விரல் வலுவில்லாதவர்கள் பிடியைச் சுற்றி வளைத்துப் பிடிப்பார்கள், அப்போது விரல் நுனி அலகு வந்து விழும் பள்ளத்தின் மேல் இருக்கும்.

சரியான முறை இது. பிடியைப் பள்ளம் மேலே பார்க்க உள்ளங்கையில் கிடத்துங்கள். நான்கு விரலும் ஒரு பக்கம், கட்டைவிரல் மறு பக்கம், யாரும் மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. மறு கையின் உள்ளங்கை அடிப்பாகத்தை அலகின் முதுகில் வைத்துத் தள்ளுங்கள், விரலால் தள்ள வேண்டாம். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் அலகின் முதுகை வெட்டுப் பலகையின் விளிம்பில் சாய்த்து, பிடியைக் கீழே அழுத்துங்கள். உடம்பின் கனம் வேலை செய்யும், மூட்டு சும்மா இருக்கும்.

பிடியின் முதுகில் அழுத்திப் பூட்டை விடுவிக்கும் கத்திகளும், பிடிக்குள் இருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கி மூடும் கத்திகளும் கடைகளில் நிறையக் கிடைக்கும். முன்னதற்குக் கட்டைவிரலில் நல்ல அழுத்தம் வேண்டும். பின்னதில் கட்டைவிரல் அலகின் பாதையிலேயே நிற்கும். இரண்டையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கடையில்

பழைய கத்தி தேடுபவர்கள் பினாங்கில் லோரோங் கூலிட் சந்தைக்கும், தலைநகர் கோலாலம்பூர்ப் பக்கம் வார இறுதியில் அம்கார்ப் மாலுக்கும் போவார்கள். விற்பவர் யாராக இருந்தாலும் "போலே ச்சூபா?" (முயன்று பார்க்கலாமா?) என்று கேட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள். திறக்க விடமாட்டேன் என்கிற தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) வாங்க வேண்டாம்.

ஒரு முறை திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. ஐந்து முறை திறந்து மூடுங்கள். மூன்றாவதில் விரல் சூடாகத் தொடங்கினால் கீழே வைத்துவிடுங்கள். அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் ஆணி தளர்ந்துவிட்டது. மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள், கூர் பக்கம் பள்ளத்தின் நடுவில் படிய வேண்டும். ஒரு சுவரில் உரசினால் கூரும் போகும், திறக்கவும் சிரமம்.

பழைய கத்தி கெட்டியாக இருந்தால் ஸ்பிரிங் மீதே பழி போட வேண்டாம். பல நேரம் உள்ளே இருப்பது இருபது வருட அழுக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஆணியைச் சுற்றித் தேயுங்கள். நீருக்குள்ளேயே யாரையாவது இருபது முறை திறந்து மூடச் சொல்லுங்கள். கழுவி, ஹேர் டிரையரால் முழுக்க உலர்த்துங்கள். பிறகு ஆணியின் இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டு, அடிக்கட்டை ஸ்பிரிங்கை உரசும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். திறந்து மூடினால் கன்னங்கரேலென்று ஒரு சாறு கசியும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு. சாறு தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள், நான்கைந்து சுற்று ஆகலாம். 7 இருந்த இழுப்பு சில நேரம் 5க்கு இறங்கும். மரப்பிடிக் கத்திக்கு இந்தக் குளியல் ஆகாது, உலர்ந்த பிரஷ்ஷும் எண்ணெயும் மட்டும்.

எண்ணெய் விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு நம்பிக்கை. சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும், தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கும். டபிள்யூடி-40 அழுக்கைக் கழுவ நல்லது, ஆனால் அதன் பெரும்பகுதி சீக்கிரம் ஆவியாகிவிடும். பழம் நறுக்கும் கத்திக்கு மினரல் ஆயில், பெட்டி பிரிக்கும் கத்திக்குத் தையல் மெஷின் எண்ணெய். அலகைப் பாதி திறந்த நிலையில் ராத்திரி முழுக்க வைத்தால் ஸ்பிரிங் தளரும் என்பார்கள். தளராது. வழக்கமான வளைவுக்குள் எத்தனை நாள் வைத்தாலும் எஃகு பழைய நிலைக்கே திரும்பும்.

இருக்கும் கத்தியைக் காப்பாற்ற

அப்பா வைத்திருந்த கத்தி, தூக்கிப் போட மனமில்லை என்றால் சில வழிகள் உண்டு. கித்தார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லையின் நுனி நகக்குழியில் உட்கார்ந்தால், வில்லையை விரல்களின் பக்கவாட்டில் பிடித்து இழுக்கலாம், நகம் தப்பிக்கும். காசாளர்கள் நோட்டு எண்ணப் போடும் ரப்பர் விரலுறை வழுக்கலைக் குறைக்கும்.

பிடி மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் அரைவட்ட வெட்டைப் பின்னால் போடவும் முடியும். அரம் பிடிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார். நகக்குழிக்கு நேராக, இரண்டு பக்கமும், விரல் நுழையும் அளவுக்கு அகலம். உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டையும் சேர்த்து அராவ வேண்டும். ஆழத்தில்தான் தவறு நடக்கும்: மூடிய கத்தியில் முதுகு வெளியே, கூர் பள்ளத்தின் அடியில். வெட்டு அலகின் மேல் பாதியை மட்டுமே காட்ட வேண்டும். கூர் வெளியே தெரிந்துவிட்டால் சட்டைப்பைக்குள் விரல் விடும்போது ரத்தம் பார்ப்பீர்கள். அராவுவதற்கு முன் அலகின் மேல் டேப் சுற்றி, கூர் நிற்கும் கோட்டைப் பிடியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

மழுங்கிய கத்தி அழுத்தத்தைக் கேட்கும், அழுத்தம் மூட்டைக் கேட்கும். சாணை பிடிக்கக் கொடுத்தால் வேகமாகச் சுழலும் உலர்ந்த கல்லில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெல்லிய அலகு சூடேறி நீலம் பூத்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பிறகு கூர் நிற்காது.

பொத்தான் கத்தி வேண்டாம்

பொத்தானை அழுத்தினால் அலகு துள்ளி வரும் கத்தியை இணையத்தில் பார்த்து, வலிக்கும் கைக்கு இதுதான் சரி என்று தோன்றும். மலேசியாவில் வேண்டாம். 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டம் இத்தகைய கத்திகளைக் கடுமையாகப் பார்க்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் வரை போகும். பழம் நறுக்கும் கத்தியானாலும் வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கட்டும். வேலைக்காக எடுத்துப்போனால் வேலைப் பையில் மற்றச் சாமான்களோடு வையுங்கள், கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு இடுப்பில் செருகிப் போகாதீர்கள். திருச்சிக்கோ சென்னைக்கோ விமானம் ஏறுகிறவர்கள் முதல்நாள் ராத்திரியே கைப்பையின் சின்ன அறைகளைத் துழாவிப் பார்த்து, கத்தி இருந்தால் செக்-இன் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.